பன்னிரண்டு குடுவைகளும் ஒரு ஃப்ரீசரும்

தரைவண்டுகளின் சூழலியலில் முனைவர் பட்டம் பெற்ற ரிச்சர்ட் லென்ஸ்கி, பிறகு பாக்டீரியாவுக்கு மாறினார். 1988 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் இர்வைனில், பரிணாமம் நடப்பதை நேரில் பார்க்க, 12 குடுவைகளில் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவை வளர்க்கத் தொடங்கினார். அதன் முடிவுகளைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அவற்றை நம்ப வைக்கும் செய்முறையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

50 மி.லி. குடுவையில் 10 மி.லி. ஊடகம் (பாக்டீரியா வளரும் ஊட்டக் கரைசல்), லிட்டருக்கு 25 மி.கி. குளுக்கோஸ், 37 டிகிரி, நிமிடத்துக்கு 120 சுற்று. மறுநாள் அதிலிருந்து 0.1 மி.லி. எடுத்து, புதிய 9.9 மி.லி.யில் விட வேண்டும். நூறில் ஒரு பங்காகக் குறைந்த கூட்டம் பழைய அளவை எட்ட 6.64 முறை இரட்டிக்க வேண்டும். ஒரு நாளின் தலைமுறைக் கணக்கு அதுதான். 500 தலைமுறைக்கு ஒருமுறை, அதாவது ஏறக்குறைய 75 நாளுக்கு ஒருமுறை, உறையும்போது செல்களைக் காக்கும் கிளிசரால் சேர்த்து மைனஸ் 80 டிகிரியில் உறைய வைக்கிறார்கள். உருக்கினால் மறுபடி வளரும்.

இதில் பெரிய ஆபத்து, ஒரு குடுவையின் பாக்டீரியா இன்னொன்றில் கலந்துவிடுவது. அதற்கொரு அருமையான ஏற்பாடு உண்டு. 12இல் ஆறு வகைகள் அரபினோஸ் சர்க்கரையைப் பயன்படுத்தும், ஆறு பயன்படுத்தாது. டெட்ராசோலியம் என்ற நிறங்காட்டிச் சாயம் சேர்த்த அரபினோஸ் தட்டில் பயன்படுத்தாதவை சிவப்பாகவும் மற்றவை வெளுப்பாகவும் வளரும். தினமும் புதிய குடுவைக்கு மாற்றும்போது இந்த இரண்டு வகையையும் மாற்றி மாற்றி எடுப்பதால், பக்கத்துக் குடுவையிலிருந்து ஏதாவது தவறி விழுந்தால் தட்டில் நிறம் மாறித் தெரியும். அப்படித் தெரிந்தால் கடைசியாக உறைய வைத்த மாதிரியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

இதே நிறம்தான் போட்டிச் சோதனைக்கும் உதவுகிறது. எதிர் நிறம் காட்டும் மூதாதையையும் இன்றைய வகையையும் சம அளவில் கலந்து, ஒரு நாள் வளர்த்து, முன்னும் பின்னும் எண்ணுகிறோம். தொடக்கத்தில் இரண்டும் 100 காலனி (ஒரு செல்லிலிருந்து தட்டில் வளரும் புள்ளி), மறுநாள் நூறு மடங்கு கூடுதலாக நீர்த்த தட்டில் மூதாதை 70, புதியது 150 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மூதாதை 70 மடங்கும் புதியது 150 மடங்கும் பெருகியிருக்கின்றன. இயல் மடக்கை (ln) எடுத்தால் 4.25, 5.01. இரண்டின் விகிதம் 1.18, அதுதான் ஒப்பீட்டுத் தகுதி, அதாவது மூதாதையைவிடப் புதியது எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது என்பதன் அளவு. புதிதாகச் செய்பவர்கள் மடக்கையை விட்டுவிட்டு 150ஐ 70ஆல் வகுத்துவிடுவார்கள். ஃப்ரீசரிலிருந்து எடுத்ததை அதே ஊடகத்தில் ஒரு நாள் பழக்காமல் போட்டிக்கு விடுவதும் கணக்கைக் கெடுக்கும்.

2003 ஜனவரியில், 33,000 தலைமுறை தாண்டிய ஒரு குடுவை, செல்கள் வழக்கத்தைவிட மிக அதிகமாகப் பெருகி, திடீரென்று கலங்கியது. கலப்படமா என்ற கேள்விதான் முதலில் எழுந்தது. சோதித்தால் அதே வகைதான்! இரும்பைக் கரைசலில் வைத்திருக்க ஊடகத்தில் சேர்த்த சிட்ரேட்டை, ஆக்சிஜன் இருக்கும்போதே தின்னக் கற்றிருந்தது. சாதாரண ஈ.கோலையால் அது முடியாது. லென்ஸ்கியின் ஆய்வகத்தைச் சேர்ந்த ஸக்கரி பிளவுன்ட் பழைய மாதிரிகளை உருக்கி, ஏறக்குறைய 40 லட்சம் கோடி செல்களில் அதே மாற்றத்தைத் தேடினார். 20,000ஆம் தலைமுறைக்கு முந்தைய குளோன்களில் (ஒரே செல்லிலிருந்து வளர்த்தவை) ஒன்றில்கூட அது தோன்றவில்லை. முன்னதாகவே வேறு மரபணுப் பிறழ்வுகள் வழி திறந்திருக்க வேண்டும் என்று 2008இல் எழுதினார்கள். உறைந்த மாதிரிகள் இல்லாவிட்டால் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே முடியாது.

சில ஆண்டுக்கு ஒருமுறை முடியும் ஆய்வு நிதியில் இப்படியொரு வேலையைக் காப்பது கடினம். அடுத்து யார் கையில் என்பதையும் யோசித்தாக வேண்டும். 2020 மார்ச்சில் கொரோனாவால் நிறுத்தி, பிறகு உறைந்த மாதிரிகளிலிருந்து மீட்டார்கள். இர்வைனிலிருந்து லென்ஸ்கியோடு மிச்சிகனுக்குப் போயிருந்த சோதனை, 2022இல் அங்கிருந்து டெக்சாஸின் ஆஸ்டினுக்கு, ஜெஃப்ரி பாரிக்கின் ஆய்வகத்துக்குப் போனது.