பனிக்குப் பதில் வெள்ளை வேட்டி

படத்துக்கு எவ்வளவு ஒளி விட வேண்டும் என்று சொல்லும் எக்ஸ்போஷர் பாடம் எந்தப் புகைப்பட நூலில் இருந்தாலும் பனி வந்துவிடும். பனி மூடிய நிலத்தில் கேமராவின் ஒளி அளக்கும் மீட்டர் சொல்வதை அப்படியே எடுக்காதே, ஒன்றரை இரண்டு ஸ்டாப் கூட்டிக்கொள் என்று போட்டிருக்கும். ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரு மடங்கு, குறைத்தால் பாதி. பாளையங்கோட்டையில் உட்கார்ந்து படிப்பவர் அந்த வரியை மனப்பாடம் செய்வார். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் கொக்கைப் பார்த்ததும் கோட்டை விடுவார். சூத்திரங்கள் எந்த ஊருக்கும் ஒன்றுதான். எடுத்துக்காட்டை நம் வெயிலுக்கு மாற்றிப் போட்டுச் செய்து பார்க்காமல் அடுத்த அத்தியாயத்துக்குப் போகக் கூடாது.

நேர் வெயில் விழாத தார்சாவில் ஒரு கொடிக்கயிறு கட்டுங்கள். வெளுத்த வேட்டி, 18 சதவீத சாம்பல் அட்டை, கறுப்புக் குடைத்துணி, மூன்றும் அடுத்தடுத்துத் தொங்கட்டும். கேமரா மேனுவலில், மீட்டர் ஸ்பாட்டில் (சட்டத்தில் ஒரு சின்ன இடத்தை மட்டும் அளக்கும் முறை), ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 400, லென்ஸ் திறப்பு எஃப் 5.6. வேட்டி மட்டும் சட்டத்தை நிறைக்கும்படி நெருங்கி, மீட்டர் முள் நடுவில் நிற்கும் ஷட்டர் வேகத்தில் ஒரு படம் எடுங்கள். அட்டைக்கும் குடைத்துணிக்கும் அதே மாதிரி. வெறும் துணியில் ஆட்டோ ஃபோகஸ் பிடி கிடைக்காமல் அலையும், அதனால் ஃபோகஸும் கையால்தான். நெருங்கும்போது உங்கள் நிழல் துணியில் விழுந்தால் கணக்கு கெட்டுவிடும்.

மூன்று படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேட்டியும் சாம்பல், அட்டையும் சாம்பல், குடையும் சாம்பல். தன் முன்னால் இருப்பது எதுவானாலும் அது நடுச்சாம்பல் என்று நினைத்துக்கொள்வதுதான் மீட்டரின் வேலை. அட்டைக்கு 1/60 வந்திருந்தால் வேட்டிக்கு 1/250 பக்கம் வந்திருக்கும். வேட்டி 80, 90 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, அட்டை 18. இடைவெளி இரண்டு ஸ்டாப்புக்குச் சற்று மேல். பனிக்குச் சொன்ன அந்த இரண்டு ஸ்டாப் இதுதான். இப்போது 1/60-ஐ மாற்றாமல் மூன்றையும் திரும்ப எடுங்கள், வெள்ளை வெள்ளையாகவும் கறுப்பு கறுப்பாகவும் வந்து உட்காரும். அமெரிக்கப் புகைப்படக்காரர்கள் ஆன்சல் ஆடம்ஸும் ஃப்ரெட் ஆர்ச்சரும் 1939-40 வாக்கில் வகுத்த மண்டல முறைக்கு அடிப்படை இவ்வளவுதான். எந்தச் சாயல் எங்கே விழ வேண்டும் என்பதை நாம் முடிவு செய்கிறோம். ஒரு எச்சரிக்கை: வேட்டியை வைத்து ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்) எடுக்காதீர்கள். சொட்டு நீலம் போட்ட துணி கண்ணுக்குத்தான் வெள்ளை, படம் மஞ்சளடிக்கும். அதற்கும் சாம்பல் அட்டையே.

வெள்ளைக்குக் கூட்டு, கறுப்புக்குக் குறை என்று சூத்திரமாகப் பிடித்துக்கொள்பவர்கள் மாட்டுவது கூந்தன்குளத்தில்தான். கொக்கு சட்டம் நிறைய நின்றால் கூட்ட வேண்டும், சரி. கறுத்த தண்ணீருக்கு நடுவே சின்னதாய் நின்றால் மீட்டர் பார்ப்பது தண்ணீரை. அது தண்ணீரைச் சாம்பலாக்கப் போய்க் கொக்கின் இறகு முழுக்க வெளிறிப்போகும். அங்கே ஒரு ஸ்டாப் குறைக்க வேண்டும். கிருஷ்ணாபுரம் கோயில் சிற்பங்களில் வேறு தொல்லை. கருங்கல் என்று ஒன்றரை ஸ்டாப் குறைக்கலாம், ஆனால் வழவழப்பான தோளிலோ முழங்காலிலோ ஒளி பளிச்சென்று அடிக்கும். ஸ்பாட் மீட்டரை அந்தப் பளபளப்பில் வைத்துவிட்டுக் குறைக்கவும் செய்தால் சிலை இருட்டில் போய்விடும். மங்கலான பரப்பில் அளக்க வேண்டும்.

பழைய புத்தகக் கடையில் ஃபிலிம் காலத்து நூல் கிடைத்தால் விடாதீர்கள். டெவலப்பர் அத்தியாயத்தைத் தாண்டிப் போகலாம், ஒளியியல் அப்படியே செல்லும். ஆனால் எண்களை மாற்றிப் படிக்கத் தெரிய வேண்டும். டின் என்பது ஃபிலிம் வேகத்துக்கு, அதாவது ஒளியுணர்வுக்கு, பழைய ஜெர்மன் அளவு. 21 டின் என்றால் ஐஎஸ்ஓ 100, மூன்று டின் கூடினால் ஒரு ஸ்டாப். 1960-க்கு முந்தைய நூல் என்றால் கறுப்பு வெள்ளை ஃபிலிம் வேகம் பாதியாகப் போட்டிருக்கும், அந்த ஆண்டுதான் அளவுமுறையை மாற்றினார்கள். ஃபிளாஷின் வலுவைச் சொல்லும் கைடு நம்பர் அடிக்கணக்கில் இருக்கும், 3.3 ஆல் வகுத்தால் மீட்டர். 110 அடி என்றால் 33. நாலு மீட்டரில் நிற்கும் மாப்பிள்ளைக்கு 33-ஐ நாலால் வகுத்தால் எஃப் 8. அந்த எண் வெள்ளைச் சுவருள்ள அறைக்குப் போட்டது. திறந்தவெளிப் பந்தலில் ஒளி திரும்பி வராது, ஒரு ஸ்டாப் திறந்துவிடுங்கள்.

காலை ஒளிக்கு நூல் தரும் நேரக்கணக்கு நமக்கு உதவாது. திருநெல்வேலி இருப்பது 8.7 பாகை வட அட்சரேகையில். இங்கே சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறும். மார்ச் மாதச் சமநாளில் உதித்து 24 நிமிடத்தில் 6 பாகை உயரம் வந்துவிடும். லண்டனில் அதற்கு 39 நிமிடம் ஆகும். நூலை நம்பி நிதானமாக ட்ரைபாட் விரித்தால் பொன்னொளி போய்விட்டிருக்கும். முகத்துக்கு நல்லது என்று சொல்லும் 45 பாகை வெயில் ஏப்ரலில் காலை 9.20 வாக்கிலும் பிற்பகல் 3.20 வாக்கிலும் வரும். சித்திரை பிறக்கும் சமயத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும் பகல் 12.20-க்குச் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே. அப்போது கண்குழி இரண்டும் கறுப்புப் பள்ளம். தரையில் வெள்ளைத் துணி விரித்து ஒளியைக் கீழிருந்து ஏற்றினால் பள்ளம் தெளியும். திசையன்விளைப் பக்கத்துத் தேரிக்காட்டில் அந்த வேலையைச் செம்மணலே செய்யும், ஆனால் தாடைக்கடியில் சிவப்பு ஏறிவிடும். அதைப் பின்னால் திருத்தப் போனால் நெற்றி நீலமாகும். அங்கேயும் துணி விரிப்பதே வழி.

அம்பாசமுத்திரத்து வயலில் முன்னால் நெற்கதிரும் பின்னால் பொதிகையும் கூர்மையாக வேண்டுமென்றால் ஹைப்பர்ஃபோகல் கணக்கு, அதாவது எங்கே ஃபோகஸ் செய்தால் அதன் பாதித் தூரத்திலிருந்து கண்ணுக்கெட்டிய தொலைவு வரை கூர்மையாக வரும் என்ற கணக்கு. குவியத்தூரத்தை அதே எண்ணால் பெருக்கி, எஃப் எண்ணும் மங்கல் வட்டமும் பெருகிய தொகையால் வகுக்க வேண்டும். மங்கல் வட்டம் என்பது கண்ணுக்கு இன்னும் புள்ளியாகவே படும் மிகப் பெரிய மங்கலின் அகலம், மி.மீ. கணக்கில். பழைய அட்டவணைகள் 35 மி.மீ. ஃபிலிமுக்கு 0.03 என்று போட்டவை. அதைவிடச் சின்ன சென்சார் உள்ள ஏபிஎஸ்-சி கேமராவுக்கு 0.02. 18 மி.மீ., எஃப் 8: 324-ஐ 0.16 ஆல் வகுத்தால் 2025 மி.மீ. இரண்டு மீட்டரில் ஃபோகஸ் செய்தால் ஒரு மீட்டரிலிருந்து மலை வரை சரி. கேமராவோடு சேர்த்து வரும் கிட் லென்ஸில் தூர அளவு பெரும்பாலும் இருக்காது. நாலரை முழம் அளந்து ஒரு குச்சியை நட்டு அதில் ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றிவிட்டுக் குச்சியைப் பிடுங்கிவிடுங்கள். திரையில் முழு அளவில் பார்த்தால் மலை கொஞ்சம் மெத்தென்றுதான் இருக்கும். 0.02 என்பது சாதாரண அளவுப் பிரிண்டுக்கான சலுகை. நாலு மீட்டரில் ஃபோகஸ் செய்தால் மலையின் மங்கல் பாதியாகும், முன்னெல்லை 1.33 மீட்டருக்குத் தள்ளிப்போகும். கதிரை விட்டு ஓர் எட்டுப் பின்னால் நின்றால் போதும்.