கன்று நட முன்னால் கெக்கில்லயைப் பாருங்கோ

ஜூன் வந்தால் கொழும்பிலிருந்து வான் பிடித்து, சிங்கராஜ மழைக்காட்டு ஓரத்தில் கன்று நட்டு, போட்டோவும் எடுத்துக்கொண்டு வருகிறோம். நட்டது காட்டு மரமாக இருந்தால், வெட்டவெளி வெயிலிலேயே பெரும்பாலும் கருகிவிடும்.

சேனைப் பயிர்ச்செய்கைக்காகக் காடு வெட்டி எரித்துவிட்ட நிலத்தைப் பிடிப்பது கெக்கில்ல என்ற பன்னம். காய்ந்த தண்டுகள் முழங்கால் உயரத்துக்குப் பின்னிக் கிடக்கும். வெளிச்சம் தரைக்கு இறங்காது, விதை மண்ணைத் தொடாது. ஒரு தீக்குச்சி போதும், மறுபடி எரியும். மழைக்காட்டின் பெருமரங்களான ஷோரியாக்களுக்கு (சிலவற்றுக்குச் சிங்களத்தில் தூன் என்று பெயர்) மண்ணில் விதைச் சேமிப்பே இல்லை. விழுந்த விதை உடனே முளைக்கவேணும், தூரமும் போகாது. தாய்மரம் போனால் அந்த இடத்தில் வம்சம் முடிந்தது. 1970களில் சிங்கராஜவில் ஒட்டுப்பலகைக்கு வெட்டியபோது மொட்டையடிக்கவில்லை, தெரிந்தெடுத்துத்தான் வெட்டினார்கள். நிழலில் மிஞ்சிய நாற்றுகள்தான் காட்டைத் திருப்பித் தந்தன. மரம் இழுத்த பாதைகளில் மண் இறுகிப்போய் மீட்சி மெதுவு.

எல்லாரும் திட்டுகிற பைனஸ் (பைன் மரம்) இங்கே கைகொடுக்கிறது. அதன் நிழல் கெக்கில்லயை அடக்கும். சிங்கராஜ ஓரத்துப் பரிசோதனையில், அடுத்தடுத்த 3 வரிசை பைனஸை வெட்டி அந்த இடைவெளியில் நட்ட ஷோரியா கன்றுகள், முழு நிழலில் நட்டவற்றைவிட நன்றாக வளர்ந்தன. பைனஸை ஒரேயடியாக வழித்தெடுத்தால் கெக்கில்ல திரும்பி வந்துவிடும்.