‘ஏன்’ என்று கேட்காதீர்கள்

தில்லி மயூர் விகாரிலிருந்து பல்கலைக்கழகத்தின் வடக்கு வளாகத்துக்குப் போய்வந்தால் அரை நாள் போய்விடும். பல்கலைக்கழகம் பொது விவகார உரைகளை இணையத்தில் நடத்துவதால் அந்த அலைச்சல் மிச்சம். உரைகள் பலவும் வெறும் சம்பிரதாயம்; வரவேற்புரையே முடிந்தபாடில்லை. நேற்றைய தகவல் உரிமைப் பயிலரங்கு வேறு ரகம். 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் 6(2) பிரிவைப் பேராசிரியர் திரையில் காட்டினார்: அரசு அலுவலகத்திடம் தகவல் கேட்பவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை. 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். பிறகு ஆளுக்கொரு மனு எழுதச் சொன்னார். கரோல் பாக் பெரியவர் ஒருவர், “எங்கள் தெருச் சாக்கடையை ஏன் மூடவில்லை?” என்று ஆவேசமாக எழுதியிருந்தார். “ஏன் என்று கேட்டால் அதிகாரிகள் நழுவிவிடுவார்கள் ஐயா. சாக்கடை வேலைக்கான பணி ஆணையின் நகலைக் கேளுங்கள்” என்று திருத்தினார் பேராசிரியர். இதுவல்லவோ பாடம்! மேல்முறையீட்டுப் பயிற்சிக்கு மாடிவீட்டு மாமியும் பதிவு செய்துவிட்டார்.