முதுகைக் காட்டச் சொல்லுங்கள்: பழைய கம்பளம் ஏலத்தில் எடுத்த கதை

திருநகரில் மாமனார் கட்டிய வீடு எங்களுடையது. ஹாலில் மொசைக் தரை, அதன் நடுவே சோபாவுக்கு முன்னால் மூன்றடி நீளத்துக்கு ஒரு விரிசல். உடைத்து டைல்ஸ் போடக் கொத்தனார் சொன்ன தொகையைக் கேட்டதும், ஒரு கம்பளத்தை விரித்து மறைத்துவிடலாம் என்று தோன்றியது. கையால் முடிச்சுப் போட்ட கம்பளம் ஆறடிக்கு நாலடி என்ன விலை என்று கடையில் கேட்டேன். நாற்பதாயிரத்தில் ஆரம்பித்தார்கள். அதற்குத் தரையையே மாற்றிவிடலாம்.

மதுரை வெயிலுக்குக் கம்பளம் எதற்கு என்று அத்தை கேட்டார். நியாயமான கேள்விதான், இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

பழையது தேடலாம் என்று காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு முதலில் போனேன். பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. பீங்கான், எனாமல் பாத்திரம், தேக்குத் தூண் என்று எல்லாம் உண்டு. நான் போன அன்று கம்பளம் மட்டும் இல்லை. வீடு திரும்பி, சீட்டு எடுத்த பணத்தில் இருபதாயிரத்தை ஒதுக்கி வைத்துக்கொண்டு, இணைய ஏலத்தில் இறங்கினேன். அது போன வைகாசியில்.

வைகாசி, முதல் அடி

முதல் ஏலம் மூன்றே நாளில் என் பக்கம் விழுந்தது. அதுவே எச்சரிக்கை மணியாகக் கேட்டிருக்க வேண்டும். 'கைவேலை, சுத்தக் கம்பளி, பழையது' என்று போட்டிருந்தார்கள். படம் எல்லாமே முன்பக்கம், சிவப்பில் கொடியும் பூவுமாக. 3,200 ரூபாய்க்குக் கேட்டேன், விழுந்தது. பில் வந்தபோதுதான் 3,200 என்பது விலையே இல்லை என்று புரிந்தது. ஏலக்காரர்களுக்கு வாங்குபவர் தர வேண்டிய கமிஷன் 15 சதவீதம், அதாவது 480. அந்தக் கமிஷன் மேல் ஜி.எஸ்.டி. 86 ரூபாய் 40 காசு. பார்சல் 950. ஆகமொத்தம் 4,716.40.

பிரித்துத் திருப்பினால் பின்பக்கம் முழுக்க ஒரு காடாத்துணி ஒட்டியிருந்தது. மறுநாள் பெருக்கும்போது விளக்குமாற்றில் வெள்ளையாகப் பொடி. தினமும் அதே பொடி, கூடவே பழைய சைக்கிள் டியூப் வாடை. விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டுத்தான் புரிந்தது. துணியில் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால் நூலைக் குத்திக் குத்தி நிரப்பி, பின்னால் ரப்பர் பசை தடவி, அதை மறைக்க இன்னொரு துணி ஒட்டுவார்கள். இதற்கு டஃப்டட் என்று பெயர். பசை சில வருஷத்தில் காய்ந்து பொடியாகும். கருவியைப் பிடித்தது கைதானே, அதனால் 'கைவேலை'. கம்பளியும் கம்பளிதான். விற்றவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை, அதுதான் எரிச்சல். அது இப்போது மாடிப்படிக்குக் கீழே நாய்க்குப் படுக்கை.

அன்றைக்கு வைத்த சட்டம் ஒன்றுதான்: முதுகைக் காட்டாத கம்பளத்துக்குக் கை தூக்குவதில்லை. முடிச்சுப் போட்டு நெய்ததில் முன்னால் இருக்கும் பூ பின்னாலும் அப்படியே தெரியும், ஒவ்வொரு முடிச்சும் ஒரு குட்டிப் புள்ளியாக. அந்தப் புள்ளிகள் கொஞ்சம் கோணல்மாணலாக இருந்தால் மனுஷன் போட்டது. ஒரே சீராக, அச்சடித்த மாதிரி இருந்தால் மிஷின். குஞ்சத்தையும் பார்க்க வேண்டும். நெசவில் நெடுக்கே ஓடும் பாவு நூல்தான் நீண்டு குஞ்சமாக வெளியே வரும். தனியாகத் தைத்து ஒட்டிய குஞ்சம் என்றால் சந்தேகப்படலாம்.

ஆடி, ஆவணி

இரண்டு மாதமும் தோல்விதான், ஆனால் காசு போகவில்லை. நம் ஊர் ஏலத்தில் 'ஒரு தரம், ரெண்டு தரம்' என்று முகத்துக்கு முன்னால் கத்துவார்கள், எதிராளி யார், எவ்வளவு வீம்பில் இருக்கிறார் என்று பார்க்கலாம். இங்கே எதிராளி ஒரு எண். நம் உச்சத்தொகையை முன்கூட்டியே எழுதி வைத்தால், மற்றவர் ஏற ஏறத் தளமே படிப்படியாக நமக்காகக் கேட்டுக்கொண்டு போகும். கடைசி நிமிஷத்தில் பாய்ந்து தட்டிவிடலாம் என்று நினைத்தால் அதுவும் எல்லா இடத்திலும் நடக்காது. முடியும் நேரத்தில் யாராவது கேட்டால் கடிகாரம் இன்னும் சில நிமிஷம் நீளும்படி பல தளங்களில் வைத்திருக்கிறார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒரு 'பொகாரா' வந்தது. கருஞ்சிவப்புத் தரையில் எட்டுமூலைக் கட்டங்கள் வரிசையாக. வியாபாரிகள் அந்தக் கட்டத்தை யானைப்பாதம் என்கிறார்கள். தெருவில் யானை நடந்துபோவதைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரி நான், விடுவேனா? என் வரம்பு ஐயாயிரம். 37-ஆம் எண்காரர் ஐந்நூறு ஐந்நூறாக ஏற்றினார். நானும் ஏற்றினேன். ஒன்பதாயிரத்தில் வந்து நிற்கும்போது வீட்டுக்காரர் என் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. "தரை டைல்ஸுக்கு இன்னும் எவ்வளவு பாக்கி?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். விட்டுவிட்டேன். பிறகு படித்துப் பார்த்தால், பொகாரா என்பது உஸ்பெகிஸ்தானில் சந்தை கூடும் ஊர். துருக்மேன் மக்கள் நெய்தவை அந்தச் சந்தை வழியாகப் போனதால் ஊர் பெயர் ஒட்டிக்கொண்டது. அதே கட்டத்தை வைத்துப் பாகிஸ்தானிலும் நம் நாட்டிலும் ஏராளமாக நெய்திருக்கிறார்கள். பெயரைப் பார்த்து ஏறினால் பெயருக்குத்தான் காசு.

அதிலிருந்து உச்சத்தொகையை ஒரு காகிதத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிடுவேன். எழுதுவது ஏலத்தொகை இல்லை, கமிஷன், வரி, பார்சல் எல்லாம் சேர்ந்த கடைசித் தொகை. அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால்தான் எதுவரை கேட்கலாம் என்று தெரியும்.

இன்னொன்று. '120 வருஷப் பழசு' என்று சிலர் கூசாமல் போடுகிறார்கள். நம் நாட்டில் நூறு வருஷம் தாண்டிய கைவினைப் பொருள் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொல்பொருள். உரிமம் இல்லாமல் அதை வைத்து வியாபாரம் செய்யக் கூடாது. ஆகவே அப்படிச் சொல்கிறவர் ஒன்று வயதைக் கூட்டுகிறார், இல்லை உரிமத்தைக் காட்ட வேண்டும். நான் நாற்பது ஐம்பது வருஷத்துப் பழசோடு நிறுத்திக்கொண்டேன்.

ஐப்பசி, சின்னது ஒன்று

அடைமழையில் யாரும் கம்பளம் வாங்குவதில்லையோ என்னவோ, நாலரை அடிக்கு மூன்றடியில், பலூச் மக்கள் நெய்யும் பலூச்சி விரிப்பு ஒன்று 2,400-க்கு விழுந்தது. ஒட்டக நிறத் தரை, கறுப்பும் அரக்குமாகக் கோடுகள், ஒரு முனையில் மட்டும் வளைவு மாதிரி ஒரு வடிவம். பாவு நூல்கூடக் கம்பளிதான். பூஜை அறைக்கு முன்னால் போட்டால் சரியாக இருக்கும் என்று நினைத்து, படத்தைப் பள்ளியில் எல்லாருக்கும் காட்டினேன். காஜிமார் தெருவிலிருந்து வரும் கணக்கு டீச்சர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "டீச்சர், அந்த வளைவு மிஹ்ராப், பள்ளிவாசல்ல தொழுகைத் திசையைக் காட்டுற மாடம். இது தொழுகை விரிப்பு. கால்மிதியா மட்டும் போட்டுறாதீங்க." எனக்கு முகம் சிவந்துவிட்டது. அன்றைக்கே முடிவானது. பின்பக்கம் மேல் ஓரத்தில் ஒரு பருத்திப்பட்டையைத் தைத்து, அதற்குள் மரக்கம்பு நுழைத்து, சுவரில் தொங்குகிறது. ஆணி அடித்தால் எடை ஒரே இடத்தில் விழுந்து நூல் அறுந்துபோகும், பட்டைதான் சரி. கணக்கு டீச்சர் ஒருநாள் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, கம்பு கோணல் என்றார்.

மாசி, ஹாலுக்கு வந்தது

கொல்கத்தாவில் வீடு காலி செய்யும் ஒரு குடும்பத்துப் பொருள்கள் ஏலத்துக்கு வந்தன. ஆறடிக்கு நாலடி, நீலத் தரை, செங்கல் நிற ஓரம். உத்தரப் பிரதேசத்தில் மிர்சாபூர், பதோஹி பக்கம் நெய்தது என்று போட்டிருந்தார்கள். படம் இரண்டே இரண்டு. நான் ஐந்து கேட்டேன்: பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒன்று, ஒரு மூலையை மடித்து ஒன்று, இரண்டு குஞ்சமும், மேலே நிற்கும் கம்பளி மயிரை விரலால் விலக்கி அடிவேர் தெரிய ஒன்று, ஜன்னல் வெளிச்சத்தில் முழுசாக ஒன்று. மூன்றாவது நாள் பொறுமையாக எடுத்து அனுப்பினார்கள்.

ஸ்கேல் படத்தைப் பெரிதாக்கி, பென்சிலை வைத்து எண்ணினேன். குறுக்கே ஒரு அங்குலத்துக்கு 7, நெடுக்கே 8. சதுர அங்குலத்துக்கு 56 முடிச்சு. நெருக்கமான நெசவு இல்லை, அதனால்தான் என் விலைக்குள் வந்தது. ஆனாலும் மொத்தத்துக்கும் பெருக்கிப் பார்த்தேன்: 1,93,536. ஒரு ஆள் நாளைக்கு ஆறாயிரம் முடிச்சு போட்டால் முப்பத்திரண்டு நாள். அதற்குப் பிறகு கணக்கை நிறுத்திவிட்டேன், ஏலம் கேட்கவே கூச்சமாக இருந்தது.

அடிவேர் படம்தான் எனக்கு முக்கியம். பழசு மாதிரி காட்ட டீத்தண்ணியிலோ ரசாயனத்திலோ அலசுவார்கள். அப்படிச் செய்தால் குஞ்சமும் முதுகும் எல்லாம் ஒரே மஞ்சளாக இருக்கும். இதில் நுனி கொஞ்சம் வெளுத்து, வேரில் நீலம் அடர்ந்திருந்தது. சோபாவுக்கு அடியில் கிடந்த பாதி மட்டும் இன்னும் அடர்த்தி. அது வெயிலும் காலும் செய்த வேலை.

5,500-க்கு விழுந்தது. கமிஷன் 825, வரி 148.50. லாரி ஆபீஸில் சரக்கை எடுக்கும்போது கட்டும் டு-பே 1,150. மொத்தம் 7,623.50. ஃபிரிட்ஜ் காகிதத்தில் எழுதியிருந்தது எட்டாயிரம்.

கோணியில் சுருட்டிக் கட்டி வந்ததை மொட்டைமாடியில்தான் பிரித்தேன், வீட்டுக்குள் விடவில்லை. நல்ல வேளை. ஒரு மூலையில் அந்துப்பூச்சியின் வெள்ளைக் கூடுகள், அரிசிக் குருணை மாதிரி. உள்ளங்கை அகலத்துக்கு மயிர் தின்று பாவு தெரிந்தது. மூலைப் படத்தைக் கேட்டேனே, கேட்டது எதிர் மூலை. இது என் தப்பு. நாலு மூலையும் கேட்டிருக்க வேண்டும். அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏத்தா, எலி கடிச்சதைக் காசு குடுத்து வாங்கியிருக்கியே" என்றார்.

கறுப்பு பாலிதீனில் இறுக்கிச் சுற்றி நாலு நாள் மாடியில் வைத்தேன், நடுவில் ஒரு தடவை பிரித்து மாற்றிச் சுருட்டி. மாசி, பங்குனி வெயிலுக்கு உள்ளே கை வைக்க முடியாத சூடு, பூச்சியும் முட்டையும் தாங்காது. சுற்றி வைப்பதால் சாயமும் வெளுக்காது. பிறகு கவிழ்த்துப் போட்டுத் தென்னை மட்டையால் முதுகில் அடித்தால், ஐயோ, எத்தனை வருஷத்து கல்கத்தா மண்ணோ.

அலசும் முன் எதிர்வீட்டுத் தாத்தாவைக் கூப்பிட்டேன். சௌராஷ்டிரர், இளவயதில் சுங்குடிச் சேலைக்குச் சாயம் போட்ட கை. வெள்ளை வேட்டித்துணியைத் தண்ணீரில் நனைத்து ஒவ்வொரு நிறத்தின் மேலும் வைத்து, கட்டைவிரலால் அழுத்திப் பத்து எண்ணி எடுத்தார். நீலம் ஒட்டவில்லை. செங்கல் நிறம் லேசாக ரோஸ் காட்டியது. "இது இறங்கும்மா. ஊற வைக்காத. துணியால துடைச்சு எடு, தண்ணி நிக்கவிடாம சாய்ச்சுப் போடு" என்றார். போர்த்தண்ணி உப்பு, அது வேண்டாம், கார்ப்பரேஷன் தண்ணியைப் பிடித்து வை என்றும் சொன்னார். பூந்திக்கொட்டையைக் கொதிக்க வைத்து வடிகட்டி, நுரையை மட்டும் எடுத்து, மயிர் சாய்ந்திருக்கும் திசையிலேயே துடைத்தேன். சோப்புத்தூள் கம்பளிக்கு ஆகாது. பிறகு பார்த்தால் அந்த நீலத்துக்குள் மூன்று நீலம், பட்டை பட்டையாக. கறை என்று நினைத்துத் தேய்க்கப் போனேன், தாத்தா தடுத்தார். ஒரு தடவை போட்ட சாயநூல் தீர்ந்து அடுத்ததில் நெய்தால் அப்படித்தான் வருமாம். சுங்குடியிலும் உண்டு என்றார்.

மொசைக்கில் வழுக்கியது. அடியில் போட ரப்பர் ஷீட் பார்த்தேன், மனசு வரவில்லை, டஃப்டட் ஞாபகம். பரணில் கிடந்த பழைய பவானி ஜமுக்காளத்தை நாலாக மடித்து அடியில் விரித்தேன், அசையவே இல்லை. அத்தை கல்யாணத்துக்கு வந்த ஜமுக்காளம் அது. அதை அடியில் போட்டு அந்நியத்தை மேலே போட்டதற்கு இரண்டு நாள் பேச்சுவார்த்தை கிடையாது.

இப்போது, சித்திரை

விரிசல் மறைந்துவிட்டது. அத்தை இப்போது கீரை ஆய்வது அதன் மேல்தான், அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

பாக்கி இருப்பது அந்தத் தின்றுபோன மூலை. பாவு கெடவில்லை, மடித்துப் பார்த்தேன், முறியும் சத்தம் இல்லை. நீல நூல் கிடைத்தால் ஊசியால் நானே முடிச்சுப் போடலாம், அங்குலத்துக்கு ஏழு. டவுனில் ஸ்வெட்டர் நூல் வாங்கி வந்து ஒரு இழையைத் தீயில் காட்டினேன். உருகி உருண்டை ஆனது, பிளாஸ்டிக். கம்பளி என்றால் தலைமுடி கருகும் வாடை வந்து, விரலில் நசுக்கினால் சாம்பல் உதிர வேண்டும். மூன்று கடை நூலும் உருண்டைதான்.

கொடைக்கானலுக்கு மேலே மன்னவனூரில் மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, கம்பளி ஆடுகள் வளர்க்கிறார்கள். அழகர் ஆற்றில் இறங்கியாயிற்று, பள்ளியும் லீவு. அடுத்த வாரம் கொடைக்கானல் போகலாம், ஆட்டுக்குட்டி பார்க்கலாம் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். அவரிடமும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன். நூல் விஷயத்தை மலை ஏறின பிறகு சொல்லிக்கொள்ளலாம்.