நாற்பத்திரண்டு அம்மாக்கள்

சென்ற பருவத்தில் முதலாமாண்டு மாணவர்களை 'அம்மாவின் ஒரு நாள்' என்று ஒப்படைவு எழுதிவரச் சொன்னேன். திருநெல்வேலி மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் தமிழ் நடத்துகிறேன். என் வகுப்பில் பெரும்பாலோர், அவர்கள் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். வயலுக்குப் போகும் அம்மா, பீடி சுற்றும் அம்மா, ஜவுளிக் கடையில் நாள் முழுவதும் நின்றே வேலை பார்க்கும் அம்மா என்று விதவிதமாக வரும் என்று ஆசையோடு காத்திருந்தேன்.

42 தாள்கள் வந்தன. முப்பதுக்கு மேற்பட்டவற்றில் ஒரே அம்மாதான் இருந்தாள். அவள் சூரியனுக்கு முன்பே எழுகிற சூரியன். அவள் கைச் சுருக்கங்கள் தியாகத்தின் வரைபடம். எல்லாம் கையெழுத்தில்தான் இருந்தன. கைப்பேசியில் சாட்ஜிபிடி என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவி தந்ததைப் பார்த்து வரி பிசகாமல் படியெடுத்திருந்தார்கள். ஊர், தெரு, தொழில் எதுவும் அவளுக்கு இல்லை. அன்று இரவு அந்தத் தாள்களை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கோபத்தைவிடத் துக்கம்தான் அதிகமாக இருந்தது.

அந்தக் கருவி செய்வது அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணிப்பது. கோடிக்கணக்கான பக்கங்களில் 'அம்மா' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எவை அடிக்கடி வந்தனவோ அவைதான் முந்திக்கொண்டு வரும். இந்த மாவட்டத்து முக்கூடலில் ஒருத்தியின் அம்மா என்ன செய்கிறாள் என்பது அதற்குத் தெரிய வழியில்லை. 2024இல் 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. சுமார் முந்நூறு பேரைக் குட்டிக் கதைகள் எழுத வைத்து, அவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் செயற்கை நுண்ணறிவிடம் யோசனை கேட்டுக்கொள்ள அனுமதி கொடுத்தார்கள். யோசனை பெற்றவர்களின் கதைகளைத் தனித்தனியே படித்தவர்கள் நன்றாக இருப்பதாகவே மதிப்பிட்டார்கள். ஆனால் சேர்த்து வைத்துப் பார்த்தபோது அந்தக் கதைகள் ஒன்றையொன்று ஒத்திருந்தன. என் மேசையில் நடந்ததும் அதுதான். ஒரு தாளை மட்டும் கொடுத்திருந்தால் நானே பாராட்டியிருப்பேன்.

கற்பனைக்கு நேர்ந்ததைவிடச் சிந்தனைக்கு நேர்ந்தது எனக்கு அதிகக் கவலை தருகிறது. திருக்குறள் தேர்வில் ஏழு பேர் 'எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்' என்ற குறளை எழுதி, அதை மெய்யுணர்தல் அதிகாரத்தில் வைத்து, 355 என்று எண்ணும் போட்டிருந்தார்கள். அது அறிவுடைமை அதிகாரம், 423ஆம் குறள். 355 'எப்பொருள் எத்தன்மைத் தாயினும்' என்று தொடங்குவது. இரண்டுக்கும் இரண்டாம் அடி ஒன்றே. குழப்பம் எளிதில் வரும். 423ஆம் குறள், சொல்கிறவர் யார் என்பதில் மயங்காதே என்கிறது. மற்றது பொருளின் தோற்றத்தில் மயங்காதே என்கிறது. அந்த வேறுபாட்டைப் பேசத்தான் வகுப்பில் ஒரு மணி நேரம் செலவிட்டிருந்தேன். ஏழு பேரிடமும் திருக்குறள் புத்தகம் இருந்தது. தேர்வுக்குப் படிக்கும்போது எவரும் அதைத் திறந்து பார்க்கவில்லை. கைப்பேசி அவ்வளவு உறுதியாகச் சொல்லும்போது ஏன் பார்க்க வேண்டும் என்று ஒருவன் உண்மையாகவே கேட்டான். யார் வாய்க் கேட்பினும் என்ற குறளை வைத்துக்கொண்டே அந்தக் கேள்வி வந்தது.

சந்தேகம் ஆசிரியனையும் கெடுக்கும். தெளிவாக எழுதியிருந்த ஒரு மாணவனை, இது நீ எழுதியதுதானா என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டுவிட்டேன். அவன் பள்ளி நாளிலிருந்து கிளை நூலகத்திலேயே வளர்ந்த பையன் என்று பிறகுதான் தெரிந்தது. மறுநாள் அதே வகுப்பில் அவனிடம் வருத்தம் தெரிவித்தேன். சாட்ஜிபிடியை உருவாக்கிய நிறுவனமே, இயந்திரம் எழுதியதைக் கண்டுபிடிக்க வெளியிட்ட தன் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதன் பிறகு நான் எந்தக் கருவியையும் நம்புவதில்லை. பிள்ளையை உட்கார வைத்துப் பேசுகிறேன். நேரம் பிடிக்கும் வேலைதான். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அப்படித்தான் ஒரு மாணவியை அழைத்தேன். அவள் தாளில் அம்மாவின் விரல்கள் 'வானில் நடனமாடும் விண்மீன்கள்' என்று இருந்தது.

"அம்மா என்ன வேலை செய்கிறார்கள்?"

"பீடி சுற்றுகிறார்கள், ஐயா. அதை எழுதினால் நன்றாக இருக்காது என்று நினைத்தேன்."

"எப்படிச் சுற்றுவார்கள், சொல்லும்மா."

முதலில் தயங்கினாள். பிறகு நிறுத்தவே இல்லை. இலையை நனைத்து, ஈரம் காயாமல் துணியில் சுற்றி வைப்பது. தகரத்தை அளவாக வைத்துக் கத்தரிப்பது. சுளகை மடியில் வைத்துக் குனிந்தே இருப்பதால் கழுத்து பிடித்துக்கொள்வது. ஆயிரம் பீடிக்கு என்று கடையில் நிறுத்துக் கொடுக்கும் இலை சில வாரம் மட்டமாக இருக்குமாம். குறைகிற பீடிக்கு வீட்டுக் காசில் இலை வாங்கிச் சேர்க்க வேண்டும். அப்படியானால் அந்த வாரம் கூலி என்ன மிஞ்சும் என்று அவளே கணக்குப் போட்டுக் காட்டினாள். சொல்லிக்கொண்டே வந்தவள், "இது எப்படி ஐயா நியாயம்?" என்று நின்றாள். அந்தக் கேள்வி அவள் தாளில் எங்கும் இல்லை. இந்த அம்மாவை எழுதிவா என்று அனுப்பினேன்.

ஒரு வாரம் கழித்து ஒன்றரைப் பக்கம் கொண்டுவந்தாள். ரகர றகரம் ஏழெட்டு இடத்தில் மாறியிருந்தது; ஒரு வாக்கியம் முடியாமலே நின்றது. நடுவில் இப்படி ஒரு வரி: 'அம்மா சுற்றுகிற வேகத்தைவிடக் கடைக்காரர் கழிவு என்று எடுத்துப் போடுகிற வேகம் அதிகம்.'

இருபது ஆண்டுகளாகத் தாள் திருத்துகிறேன். சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அந்த வரியை மறுபடி படித்தேன். இதை எப்படிக் கவனித்தாய் என்று கேட்டேன்.

"கட்டுகளைக் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது நான்தானே, ஐயா" என்றாள்.