பதினான்காம் கட்டில்

ஆண்கள் பொது மருத்துவ வார்டில் இரவுப் பணியில் இருந்த ஒரு நாள், இரண்டு மணியளவில் எல்லாமே ஒன்றாக வந்து சேர்ந்தன. இரத்த வங்கியிலிருந்து ஒரு பை இரத்தம் வந்திருந்தது. குளிர்பெட்டியிலிருந்து வெளியே எடுத்த 30 நிமிடங்களுக்குள் அதை ஏற்றத் தொடங்கி, 4 மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். முதல் 15 நிமிடங்கள் நோயாளியை விட்டு நகரவும் கூடாது. மூன்றாம் கட்டில்காரரின் மகன், டிரிப் முடியப்போகிறது என்று இரண்டாம் முறையாக வந்து நின்றார். காலையில் ஸ்கேனுக்குப் போக வேண்டிய இருவரின் பரிசோதனை முடிவுகளைக் கேட்டு மருத்துவர் தொலைபேசியில் அழைத்தார்.

பதினான்காம் கட்டிலில் நிமோனியாவுக்காகச் சேர்க்கப்பட்டிருந்த முதியவர் மட்டும் எதையும் கேட்கவில்லை. அவரை இரண்டு முறை கடந்து போனேன். கால்மாட்டில் நின்றபடியே ஒரு முறை விசாரித்தபோது, "எனக்கென்ன சிஸ்டர், நல்லாத்தான் இருக்கேன், நீங்க மொதல்ல அவங்களப் பாருங்க" என்றார். அந்தப் பதில் எனக்கு வசதியாக இருந்ததால் நம்பிவிட்டேன்.

இரத்தம் ஏற்றத் தொடங்கி நான் அருகில் நின்றுகொண்டிருந்தபோது, பயிற்சி மாணவி ஒருத்தி வந்து, பதினான்காம் கட்டில் தாத்தாவுக்கு மூச்சு நிமிடத்துக்கு 34 இருப்பதாக மெல்லிய குரலில் சொன்னாள். பெரியவர்களுக்கு அது 12 முதல் 20 வரை இருக்க வேண்டும். உடன் பணிபுரிந்த செவிலியரை இரத்தத்தின் அருகே நிறுத்திவிட்டு ஓடினேன். ஆக்சிஜன் வைத்து, மருத்துவரை அழைத்து, அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினோம். கர்த்தருடைய கிருபையால் அவர் பிழைத்தார். ஆனால் அவருடைய அட்டவணையில், பத்து மணிக்கு நேராக, மூச்சு 20 என்று எழுதியிருந்தது என் கையெழுத்து. அதை நான் எண்ணி எழுதவில்லை. நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் சரியாக இருக்கும்போதே மூச்சு வேகமெடுத்து எச்சரிக்கும் என்பதைப் படித்திருந்தும், எண்ணாமலே 18, 20 என்று எழுதும் பழக்கத்துக்கு நானும் இடங்கொடுத்திருந்தேன்.

அதற்குப் பிறகு வேதாகமத்தில் மாற்கு 5ஆம் அதிகாரம் எனக்கு வேறுவிதமாகத் தெரியத் தொடங்கியது. யவீருவின் 12 வயது மகள் மரண அவஸ்தைப்படுகிறாள்; 12 வருடமாகப் பெரும்பாடுள்ள, அதாவது இரத்தப்போக்கு நிற்காத, ஸ்திரீ வழியில் வந்து இயேசுவின் வஸ்திரத்தைத் தொடுகிறாள். அவசர சிகிச்சைப் பிரிவில் சிறுமிக்கு, உடனே பார்க்க வேண்டியவர் என்ற சிவப்பு அடையாளம் கிடைக்கும். அந்தப் பெண்ணைப் புறநோயாளிப் பிரிவுக்கு வரச் சொல்லிவிடுவோம். இயேசுவோ சிறுமியின் வீட்டுக்குப் போகிற வழியில் அவளுக்காக நின்றுவிடுகிறார். சிறுமி மரித்துப்போன செய்தி வருகிறது. அப்போது அந்தத் தகப்பனுடைய முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கும்போது இன்றும் எனக்கு மனம் பதறுகிறது.

இயேசு அந்தச் சிறுமியை உயிரோடு எழுப்பினார். உயிர்ப்பிக்கும் வல்லமை என் கையில் இல்லை. ஆகவே சிவப்பு அடையாளத்தைக் காக்க வைக்க இந்தப் பகுதியை நான் சாக்காகக் காட்ட முடியாது. என்னைப் பிடித்து நிறுத்துவது அவர் கேட்ட கேள்விதான்: "என் வஸ்திரங்களைத் தொட்டது யார்?" திரளான ஜனங்கள் நெருக்கிக்கொண்டிருக்க, சத்தமிடாத ஒருத்தியின் தொடுதலை அவர் பிரித்தறிந்தார். எனக்கு அந்த இரவில் இல்லாமல் போனது அதுதான். கேட்டவர்களின் வரிசைப்படியே நான் ஓடிக்கொண்டிருந்தேன். கேட்கத் தெரியாதவர் அந்த வரிசையிலேயே இல்லை.

எல்லாவற்றையும் நானே செய்வது உண்மையான ஊழியம் என்றும் அதுவரை நினைத்திருந்தேன். ஜனங்களின் வழக்குகளையெல்லாம் தனியாகத் தீர்த்துக்கொண்டிருந்த மோசேயிடம், நீர் செய்கிற காரியம் நல்லதல்ல என்று அவருடைய மாமன் எத்திரோ சொன்னது யாத்திராகமம் 18இல் இருக்கிறது. பரிசோதனை முடிவுகளை எடுத்து வாசிக்க இன்னொருவரால் முடியும். டிரிப் முடிவதற்கு முன்பே அடுத்த பாட்டிலைத் தயாராக வைக்க மாணவியிடம் சொல்லலாம். இவற்றைக் கைமாற்றிக் கொடுக்க எனக்குப் பல வருடங்கள் பிடித்தன.

இப்போது பணி ஒப்படைப்பு முடிந்ததும், சிறிய ஜெபத்துக்குப் பிறகு, கோப்பும் மருந்துத் தட்டும் இல்லாமல் வெறுங்கையோடு முதல் சுற்றுக்குப் போகிறேன். ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் நின்று, மார்பு ஏறி இறங்குவதைக் கடிகாரத்தோடு முழு நிமிடம் எண்ணுகிறேன். 28 கட்டில்களுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. எண்ணும்போது யாராவது அழைத்தால், மாணவி போய் என்னவென்று பார்த்து வந்து சொல்கிறாள். உயிருக்கு ஆபத்து என்றால் உடனே போகிறேன்; மற்றபடி 60 விநாடிகளையும் முடித்துவிட்டுத்தான் திரும்புகிறேன்.