இரண்டாம் முறை வயிற்றைத் திறப்பது

கோலிக் (குதிரைக்கு வரும் கடும் வயிற்றுவலி) அறுவை சிகிச்சை முடிந்து குதிரை எழுந்து நின்றதும் லாயத்தில் எல்லோருக்கும் நிம்மதி. எனக்குக் கவலை அப்போதுதான் ஆரம்பிக்கும்.

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. குடல் ஓடாமல் நின்றால் நீரெல்லாம் இரைப்பையில் தேங்கும். அதன் கொள்ளளவு 8 முதல் 15 லிட்டர்தான், மீறினால் கிழிந்துவிடும். அதனால் மூக்கு வழியாகக் குழாய் விட்டு வடித்து, வாளியில் விழுவதை அளந்து எழுதுகிறோம். அந்த அளவு குறையவே இல்லையென்றால்தான் சிக்கல். குடல் வெறுமனே சோர்ந்து கிடக்கிறதா, வெட்டி இணைத்த இடம் அடைத்துக்கொண்டதா? ஸ்கேனில் இரண்டிலுமே உப்பிய சிறுகுடல்தான் தெரியும். சோர்வு என்றால் டிரிப்ஸ், லிடோகெயின் மருந்து, பொறுமை. அடைப்பு என்றால் மறுபடி கத்தி.

ஒரு வயதான பெண் குதிரை. காம்புள்ள கொழுப்புக் கட்டி சிறுகுடலைச் சுற்றி இறுக்கியிருந்தது. செத்த பகுதியை வெட்டி இணைத்தோம். மறுநாள் இரவு நாடித்துடிப்பு 70-ஐத் தாண்டியது (ஓய்வில் 28 முதல் 44 வரை இருக்க வேண்டும்). விடியட்டும், பார்க்கலாம் என்ற பேச்சுதான் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது சயிஸ் (குதிரையைப் பராமரிப்பவர்) சொன்னார்: “வடிச்சு முடிச்சப்புறமும் வயித்தைத் திரும்பித் திரும்பிப் பாக்குது சார்.” இரைப்பை காலியான பிறகும் வலி நீடித்தால் அடைப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். திசுக்களுக்கு ரத்த ஓட்டம் குறைந்தால் ரத்தத்தில் ஏறும் லாக்டேட்டின் அளவைவிட அந்த ஒரு வரிதான் எங்களை நகர்த்தியது. திறந்தோம். இணைத்த இடத்தில் குடல் மடங்கிக் கிடந்தது. அதை நீக்கி மறுபடி இணைத்தோம்.

பிழைத்தது, ஆனால் சுலபமாக இல்லை. அதே கீறலை இரண்டாம் முறை திறந்தால் சீழ் பிடிக்கும் வாய்ப்பு நன்றாகவே கூடும். இதற்கும் பிடித்தது. வாரக்கணக்கில் வயிற்றுக்கட்டு, கடைசியில் தையல் ஓரமாக ஒரு குடலிறக்கமும் மிஞ்சியது. தவிர, ஒவ்வொரு மயக்கத்திலிருந்தும் எழும்போது காலை ஒடித்துக்கொள்ளும் ஆபத்து வேறு.

இதையெல்லாம் தெரிந்தே சொல்கிறேன்: திறப்பதா வேண்டாமா என்ற சந்தேகத்தில் தள்ளிப்போடுவதுதான் அதிகக் கெடுதல். குடல் இற்று, குதிரை துவண்ட பிறகு திறந்து என்ன பயன்?

தள்ளிப்போட வைப்பது பெரும்பாலும் பணம்தான், நோய் அல்ல. முதல் பில்லே உரிமையாளரை உலுக்கியிருக்கும். நடுராத்திரியில் இரண்டாவதைப் பற்றிப் பேச நமக்கே வாய் வராது. அதனால் முதல் கையெழுத்து வாங்கும்போதே கேட்டுவிடுகிறேன்: “மறுபடி திறக்க வேண்டி வந்தால் சம்மதமா?” சிலர் முகம் சுளிப்பார்கள். சிலர் ஒரு தடவைதான் என்று கறாராகச் சொல்வார்கள். சரி, அதையும் கேஸ் ஷீட்டில் எழுதிக்கொள்கிறேன். இரவுப் பணிக்கு வருபவர் முதலில் பார்ப்பது அந்தத் தாளைத்தான்.